சிவப்பு வேண்டாம், நீலமும் எல்லா இடத்துக்கும் அன்று

ரிமோட்டில் ஓடும் ஆர்.சி. கார் வைத்திருப்பவர்களிடம் ஒரு பழக்கம் வேரூன்றியிருக்கிறது. ஓட்டத்தின் நடுவே ஏதேனும் ஒரு திருகாணி கழன்று விழுந்தால் "லாக்டைட் போடு" என்பார்கள். எந்த லாக்டைட் என்று கேட்டால் "நீலம்" என்பார்கள். இன்னும் அக்கறை மிகுந்தவர்கள் "மோட்டார் பினியனுக்கு மட்டும் சிவப்பு போட்டுவிடு, பிறகு கவலையே இல்லை" என்று கூடுதலாகச் சொல்வார்கள். முதல் அறிவுரை பாதி சரி. இரண்டாவது முழுத் தவறு. மரையில் இடும் பசையின் வலிமையைத் திருகாணி எவ்வளவு முக்கியமானது என்பதை வைத்தோ, அதன் விட்டத்தை வைத்தோ தீர்மானிக்கக் கூடாது. அதைக் கழற்றச் செருகும் ஆலன் கீயின் அளவை வைத்தே தீர்மானிக்க வேண்டும். இதுவே என் கருத்து. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் பொறியியல் படிக்கவில்லை. மொழியியலில் முதுகலை முடித்து, ஹைதராபாத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருக்கிறேன். என் பக்கத்தைப் படிப்பவர்களில் பாதிப் பேர் ஒலியனியலும் தொடரியலும் எதிர்பார்த்து வருபவர்கள், அவர்கள் பொறுத்தருள்க. ஐந்து ஆண்டுகளாக 1/10 அளவு மின்சாரக் கார் ஒன்றைப் பிரித்தும் பூட்டியும் வருகிறேன். அந்தக் காரில் நூற்றுக்கும் மேற்பட்ட திருகாணிகள் இருக்கின்றன. பெரும்பாலானவை 3 மில்லிமீட்டர் விட்டமுடையவை, சில 2.5, சில 4. ஆறு மில்லிமீட்டரைத் தொடும் திருகாணி அதில் ஒன்றுகூட இல்லை. இந்தக் கடைசித் தகவலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

லாக்டைட் என்பது ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயர்; நம் ஊர்ப் பட்டறைகளில் அது பொருட்பெயராகவே ஆகிவிட்டது. பொருளின் பொதுப்பெயர் த்ரெட்லாக்கர். வசதிக்காக மரைப்பசை என்று இங்கே எழுதுகிறேன். அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு நகரின் டிரினிட்டி கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த வெர்னன் க்ரீபிள் 1953இல் இதை உருவாக்கினார். அதற்கு முன்பே ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் இதன் மூதாதையான ஒரு பொருள் கண்டறியப்பட்டிருந்தது. அதைத் திரவமாக வைத்திருக்க இடைவிடாமல் காற்றைச் செலுத்திக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. குப்பியில் அடைத்து விற்கும் அளவுக்கு அதை அடக்கியதே க்ரீபிளின் சாதனை. 1956இல் லாக்டைட் என்ற பெயருடன் அது சந்தைக்கு வந்தது. 1997இல் ஜெர்மனியின் ஹென்கெல் நிறுவனம் அந்தப் பெயரையும் தொழிலையும் வாங்கிக்கொண்டது.

இந்தப் பசையின் இயல்பு விசித்திரமானது. நாம் அறிந்த பசைகளில் பெரும்பாலானவை காற்றுப்பட்டால் காய்கின்றன. இது காற்றுப்படும் வரை திரவமாகவே இருக்கும். காற்று அற்றுப்போய், உலோகத்தின் அயனிகளும் அருகில் இருந்தால் மட்டுமே இறுகும். இரண்டு நிபந்தனைகளும் மரைகளுக்கு இடையே உள்ள நுண்ணிய இடுக்கில் நிறைவேறுகின்றன. புதுக் குப்பியை வாங்கியவர்கள் "பாதிதான் நிரப்பியிருக்கிறான், ஏமாற்றிவிட்டான்" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவது உண்டு. குப்பியில் காற்றுக்கு இடம் விட்டிருப்பது பசை உள்ளேயே இறுகிவிடாமல் இருப்பதற்காகத்தான்.

திருகாணி ஏன் கழல்கிறது என்பதை அறியாமல் பசையின் வலிமையைப் பேசுவதில் பயன் இல்லை. அதிர்வுதான் காரணம் என்று பொதுவாகச் சொல்லி நிறுத்திவிடுகிறோம். ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்டு யுங்கர் 1969இல் வெளியிட்ட ஆய்வு இதை நுட்பமாக விளக்கியது. திருகாணியின் நீளவாக்கில் வரும் அதிர்வைவிட, குறுக்குவாக்கில் வரும் அசைவே ஆபத்தானது. இறுக்கப்பட்ட இரண்டு பாகங்கள் பக்கவாட்டில் நுண்ணளவு வழுக்கும்போது, மரைகளுக்கு இடையிலான உராய்வு ஒரு கணம் பிடிப்பை இழக்கிறது. அந்தக் கணத்தில் திருகாணி தானாகவே சற்றே திரும்பிவிடுகிறது. ஆயிரம் முறை இப்படி நடந்தால் ஒரு முழுச் சுற்று ஆகிவிடுகிறது. கரடுமுரடான தரையில் குதித்தோடும் காரில் ஆயிரம் என்பது பெரிய எண் அன்று.

திருகாணியின் மரைக்கும் துளையின் மரைக்கும் இடையே எப்போதும் ஓர் இடைவெளி உண்டு. பசை அந்த இடைவெளியை நிரப்பிக் கெட்டியாகிவிடுவதால், பக்கவாட்டில் அசைய இடமே இல்லாமல் போகிறது. அதாவது, அதிர்வை எதிர்ப்பதில் முதன்மையான வேலையைச் செய்வது பசை இடுக்கை நிரப்புகிறது என்ற உண்மைதான். குப்பியின் மேல் எழுதியிருக்கும் வலிமை வேறொன்றைச் சொல்கிறது: திருகாணியைக் கழற்ற நீங்கள் எவ்வளவு முறுக்க வேண்டியிருக்கும் என்பதை. மென்மையான பசையும் இடுக்கை நிரப்பத்தான் செய்கிறது. நம் உரையாடல்களில் இந்த வேறுபாடு அடிபட்டுப் போகிறது.

இனி எண்களுக்கு வருகிறேன். உற்பத்தியாளர்கள் இந்த வலிமையை வழக்கமாக 10 மில்லிமீட்டர் எஃகு போல்ட்டிலும் நட்டிலும் சோதித்து அறிவிக்கிறார்கள். ஊதா நிறத்துக் குறைவலிமை வகையான 222க்கு அந்த எண் சுமார் 6 நியூட்டன் மீட்டர். நீல நிறத்து 242க்கு ஏறத்தாழ 11 முதல் 12. அதே நீல நிறத்து 243க்கு 20ஐத் தாண்டுகிறது. ஒரே நீலத்துக்குள்ளேயே ஏறக்குறைய இரு மடங்கு வேறுபாடு! சிவப்பு வகைகள் சிலவற்றின் எண்ணும் இருபதுகளில்தான் தொடங்குகிறது. அப்படியானால் சிவப்பின் தனித்தன்மை என்ன? பூட்டு ஒருமுறை உடைந்த பிறகும் அது விடுவதில்லை. நீலத்தில் "டக்" என்று ஒரு முறை விட்டுக்கொடுத்தால் பெரும்பாலும் அதன் பிறகு எளிதாகச் சுழன்று வந்துவிடும். சிவப்பு ஒவ்வொரு சுற்றுக்கும் மல்லுக்கட்டும். சிறிய ஆலன் கீயைப் பிடித்திருக்கும் கை அந்த வேறுபாட்டை நன்றாகவே உணரும்.

உற்பத்தியாளரின் பொதுவான வழிகாட்டுதலிலும் விடை இருக்கிறது. 6 மில்லிமீட்டருக்குக் குறைந்த திருகாணிகளுக்கு ஊதா. 6 முதல் 20 வரை நீலம். சிவப்பு 10 முதல் 25 வரையிலான பெரிய போல்ட்டுகளுக்கு. நம் காரில் 6 மில்லிமீட்டர் திருகாணி ஒன்றுகூட இல்லை என்று மேலே சொன்னேன். அதாவது, நாம் "இயல்பானது" என்று கருதும் நீலமே, செய்தவர்களின் கணக்குப்படி நமக்கு ஒரு படி அதிகம். சிவப்போ லாரியின் பாகங்களுக்கு உரியது.

விட்டத்தோடு நின்றுவிட்டாலும் பிழை நேரும். ஏனென்றால் ஒரே M3 திருகாணி மூன்று உருவங்களில் வருகிறது. உருளைத் தலை கொண்டதற்கு 2.5 மில்லிமீட்டர் ஆலன் கீ. குமிழ்த் தலைக்கும் பதிதலைக்கும் 2 மில்லிமீட்டர். தலையே இல்லாத கிரப் ஸ்க்ரூவுக்கு 1.5 மில்லிமீட்டர். மூன்றிலும் மரை ஒன்றே. பசை பிடிக்கும் பரப்பும் நீளத்துக்கு ஏற்பச் சற்று மாறுமே தவிர ஒன்றுபோலத்தான். ஆனால் கீயின் தாங்குதிறன் அதன் அளவின் மும்மடிக்கு ஏற்ப மாறுகிறது. 2.5 கீ தாங்கும் முறுக்கில் 2 கீ பாதியளவே தாங்கும். 1.5 கீ தாங்குவது ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே மேல். ஒரே அளவு பசையை மூன்றிலும் இட்டால், முதலாவது சிரமமின்றிக் கழலும். இரண்டாவது முனகிக்கொண்டு கழலும். மூன்றாவதில் குழியின் ஆறு மூலைகளும் மழுங்கி வட்டமாகிவிடும்.

ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10 மில்லிமீட்டரில் அளந்த எண்ணை 3 மில்லிமீட்டருக்குச் சுருக்கினால், மும்மடி விதிப்படி அது நூற்றுக்கு மூன்று பங்குக்கும் குறைவாகிறது. 243 வகைக்கு அது அரை நியூட்டன் மீட்டருக்கு மேல், 222க்கு 0.16 அளவில். தரமான 1.5 கீ தாங்குவது ஏறத்தாழ 0.8. அந்தக் கீயைக் கொண்டு கிரப் ஸ்க்ரூவை இறுக்கும்போதே அந்த 0.8இல் பெரும் பங்கைச் செலவிட்டிருப்போம். மிச்சமிருக்கும் இடத்தில் ஊதா அடங்கும்; 243 அடங்காது. இது தாளில் போட்ட கணக்கு, சோதனைக்கூட முடிவு அன்று. ஆனால் என் கை அனுபவமும் இதையே சொல்கிறது. விலை குறைந்த, முனை தேய்ந்த கீயாக இருந்தால் கணக்கு இன்னும் மோசமாகும்.

எங்கள் விடுதியில் வேதியியல் முதுகலை மாணவர் ஒருவர் இருந்தார். மாதாமாதம் மிச்சம் பிடித்த பணத்தில் பழைய 1/10 பக்கி ஒன்றை வாங்கினார். வெயில் காலத்தில் மோட்டார் அதிகமாகச் சூடாகவே, 15 பல் பினியனைக் கழற்றி 13 பல் மாற்றலாம் என்று உட்கார்ந்தார். முந்தைய உரிமையாளர் அதன் M3 கிரப் ஸ்க்ரூவுக்குச் சிவப்பு இட்டிருந்தார். இரண்டாவது முயற்சியிலேயே குழி மழுங்கிவிட்டது. சூடாக்கலாம் என்று ஒருவர் சொன்னார். சிவப்பை இளக்க ஏறத்தாழ 250 டிகிரி செல்சியஸ் தேவை. அந்தத் திருகாணிக்கு ஒரு விரற்கடை தூரத்தில் மோட்டாரின் நியோடிமியம் காந்தம் இருக்கிறது. சாதாரண வகைக் காந்தங்கள் 80 டிகிரியைத் தாண்டினாலே வலுவை இழக்கத் தொடங்கும். கடைசியில் சிறு அரவை இயந்திரத்தால் பினியனை அறுத்தெடுத்தார்கள். எஃகுத் தூள் முழுவதையும் காந்தம் உள்ளே இழுத்துக்கொண்டது. மோட்டார் போயிற்று. உதவித்தொகை எப்போது வரும் என்று தெரியாத ஒரு மாணவருக்கு, பிரஷ்லெஸ் மோட்டாரின் விலை இரண்டு மாத மெஸ் பணம். அந்தக் கார் இப்போதும் அவருடைய அலமாரியின் மேல் இருக்கிறது.

கழன்று விழும் திருகாணியால் வரும் இழப்பை எல்லோரும் பேசுகிறோம். கழலாத திருகாணியால் வரும் இழப்பை யாரும் பேசுவதில்லை. முதலாவது நடுத்தெருவில் நடக்கிறது, எல்லோரும் பார்க்கிறார்கள். இரண்டாவது அறைக்குள், மேசை விளக்கின் கீழ் நடக்கிறது.

இங்கே என் துறை குறுக்கிடுகிறது. ஒரு பத்தி அனுமதியுங்கள். வலிமை, மென்மை போன்ற எதிர்ச்சொல் இணைகளில் ஒன்று எப்போதும் இயல்பானதாகவும் மற்றது விதிவிலக்காகவும் நிற்கும். "எவ்வளவு வலிமை?" என்று கேட்டால் அது நடுநிலையான கேள்வி. "எவ்வளவு பலவீனம்?" என்று கேட்டால் குறை இருப்பதை முன்பே முடிவுசெய்துவிட்ட கேள்வி. அளவைக் குறிக்கும் சொல்லே மதிப்பையும் சுமந்து வருகிறது. அதனால்தான் "குறைந்த வலிமை" என்று எழுதிய குப்பியைக் கையில் எடுக்கும் எவரும் தரம் குறைந்த பொருளை வாங்குவதுபோல் தயங்குகிறார்கள். இதே பொருளை "எளிதில் கழலும்", "கருவியால் கழலும்", "கழலாதது" என்று வகைப்படுத்திப் பெயரிட்டிருந்தால், பினியனுக்குச் சிவப்பு இடச் சொல்லும் அறிவுரை பிறந்திருக்குமா என்பது ஐயமே. பேச்சுத் தமிழில் புத்தி பிசகியவரை "மரை கழன்றவர்" என்கிறோம். மரை கழல்வது நம் மொழியிலேயே இழிவு. கழற்ற முடியாத மரைக்கு ஒரு மரபுத்தொடர் இல்லை.

நிறப்பெயர்களின் குழப்பம் இதைவிடப் பெரிது. நிறத்துக்கும் வலிமைக்கும் இயற்கையான உறவு எதுவும் இல்லை; ஒரு நிறுவனம் இட்ட சாயம், மற்றவர்கள் பலர் பின்பற்றிய வழக்கம், அவ்வளவே. சசூர் சொன்ன இடுகுறித்தன்மைக்கு வகுப்பில் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. பச்சையை எடுத்துக்கொள்ளுங்கள். 290 பச்சை: பூட்டிய பிறகு மரைக்குள் தானாக ஊடுருவும் நீர்த்த வகை. 270உம் பச்சை: அது கடும் வலிமை வகை. 638உம் பச்சை: அது மரைப்பசையே அன்று, பேரிங்கை அதன் இருப்பிடத்தில் நிரந்தரமாகப் பிடிக்க வைப்பது. "பச்சை கொடுங்கள்" என்று கேட்பவருக்கு இந்த மூன்றில் எதுவும் வரலாம். போதாக்குறைக்கு, லாக்டைட்டின் குப்பிகள் பெரும்பாலும் உள்ளே என்ன நிறம் இருந்தாலும் வெளியே சிவப்பாக இருக்கும். கடையில் சிவப்புக் குப்பியைப் பார்த்துவிட்டு உள்ளேயும் சிவப்பு என்று நினைத்தவர்களை நான் அறிவேன்.

தமிழர்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. நமக்குத் தேவையான வகை ஊதா. பேச்சுத் தமிழில் நம்மில் பலர் நீலத்தையே ஊதா என்கிறோம். பெர்லினும் கேயும் 1969இல் வெளியிட்ட நிறப்பெயர் ஆய்வில், மொழிகளில் கடைசியாகத் தனிப்பெயர் பெறும் நிறங்களின் கூட்டத்தில்தான் ஊதாவை வைத்தார்கள். (யுங்கரின் திருகாணி ஆய்வும் அதே 1969 என்பது தற்செயல்தான், எனக்கு மட்டும் அது மகிழ்ச்சி.) நம் சொல்லும் உருதுவிலிருந்து வந்து குடியேறியது, தெலுங்கிலும் அதே சொல் புழங்குகிறது. ஹைதராபாத் கடைகளில் "ஊதா" என்றால் புரிந்துகொள்கிறார்கள். சென்னையில் அதே சொல்லுக்கு நீலக் குப்பியை நீட்ட வாய்ப்பு அதிகம். ஆகவே நிறத்தைச் சொல்லிக் கேட்காதீர்கள். எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்: 222. வேறு நிறுவனத்தின் பொருளாக இருந்தால் குறைவலிமை என்று எழுதியிருக்கிறதா, எத்தனை மில்லிமீட்டர் திருகாணி வரை என்று குறித்திருக்கிறதா என்று பாருங்கள். நான் ஏறி இறங்கிய கடைகளில் நீலமும் சிவப்பும் உடனே கிடைத்தன. 222ஐ வரவழைத்துத் தர வேண்டியிருந்தது. கிடைப்பதை வாங்கிக்கொண்டு வருவதே நீலம் "இயல்பு" ஆனதற்குப் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

காரில் எங்கே எதை இடுவது? பிளாஸ்டிக்கில் திருகப்படும் எந்தத் திருகாணிக்கும் எதுவும் வேண்டாம். 1/10 காரின் திருகாணிகளில் பெரும்பகுதி இவ்வகைதான். பிளாஸ்டிக்கில் உலோக அயனி இல்லை, பசை சரியாக இறுகாது. பிடிப்பை உராய்வே தந்துவிடுகிறது. அதைவிட முக்கியமாக, இறுகாத திரவம் சிலவகைப் பிளாஸ்டிக்குகளை வெடிக்கச் செய்யும். காரின் மேற்கூடு செய்யப்படும் பாலிகார்பனேட்டும், ஏ.பி.எஸ்.உம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அழுத்தத்தில் இருக்கும் இடத்தில் ஒரு துளி வழிந்தால் மறுநாள் அங்கே விரிசல் தெரியலாம். நைலான் செருகிய நட்டுகளுக்கும் தேவையில்லை. சக்கரத்தைப் பிடிக்கும் M4 நட்டு அந்த வகையாகத்தான் இருக்கும். நைலான் தேய்ந்துவிட்டால் நட்டை மாற்றுங்கள். சில்லறைக் காசுதான்.

உலோகத்துக்குள் உலோகமாகத் திருகப்படும் இடங்களே நம் கவலை. மோட்டாரைத் தாங்கியில் பிடிக்கும் M3 உருளைத் தலைத் திருகாணிகளுக்கு 2.5 கீ, அங்கே நீலம் தாராளமாகப் போடலாம், அரைத் துளி போதும். அதே இடத்தில் குமிழ்த் தலை இருந்தால் 242 வரை போகலாம், 243 வேண்டாம். பினியனின் M3 கிரப் ஸ்க்ரூவுக்கு 222. ஷாஃப்டில் தட்டையாகச் சீவிய பகுதியின் மேல் கிரப் ஸ்க்ரூ சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பது எந்தப் பசையைவிடவும் முக்கியம். உருண்டைப் பரப்பில் உட்கார்ந்த கிரப் ஸ்க்ரூவைச் சிவப்பும் காப்பாற்றாது. 1/8 அளவுக் கார்களில் பினியனுக்கு M4 அல்லது M5 கிரப் ஸ்க்ரூ வருகிறது. கீ 2, 2.5 என்று பெரிதாகிறது. அங்கே நீலத்துக்கு மறுப்பில்லை.

ஓர் இடத்தில் என் விதியை நானே தளர்த்துகிறேன். டிரைவ் ஷாஃப்டின் மூட்டில் பின்னைப் பிடித்து வைக்கும் கிரப் ஸ்க்ரூ பல கார்களில் 1.5 கீ கொண்டதுதான். ஆனால் அது கழன்றால் பின் பறந்துபோகும், ஷாஃப்ட் மண்ணில் இழுபடும். அந்த மூட்டு முழுக்க எஃகு; காரிலிருந்து தனியே கழற்றி எடுத்து, காந்தமோ பிளாஸ்டிக்கோ அருகில் இல்லாமல் சூடாக்க முடியும். ஆகவே அங்கே 242ஐ ஏற்கிறேன். சூடாக்க முடியும் என்பதுதான் இந்தச் சலுகைக்குக் காரணம். இழப்பு பெரிது என்பது மட்டும் அன்று.

அழகுக்காக எல்லாவற்றையும் ஆனடைஸ் செய்த அலுமினியத்துக்கும் டைட்டானியம் திருகாணிகளுக்கும் மாற்றிவிட்டவர்களுக்கு ஒரு சொல். இந்தப் பசை இரும்பு, செம்பு, பித்தளை ஆகியவற்றோடு விரைந்து வினைபுரியும். துருவேறா எஃகு, துத்தநாகம் பூசியது, ஆனடைஸ் செய்தது, டைட்டானியம் ஆகியவற்றில் மிக மெதுவாகவே இறுகும். மாலையில் இட்டுவிட்டு அன்றிரவே ஓட்டிக் கழன்று விழுந்ததும் "இந்தப் பசை பலவீனம், அடுத்த முறை சிவப்பு" என்று முடிவுக்கு வருகிறவர்கள் பலர். பசை பலவீனமாக இல்லை. இன்னும் திரவமாக இருந்தது. ஒரு முழு நாள் விடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கும் இதே வேலையைச் செய்யும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் திருகாணியையும் துளையையும் துடைத்த பிறகு இட்ட ஊதா, துடைக்காமல் இட்ட நீலத்தைவிட நன்றாகப் பிடிக்கிறது என்பதே நான் கண்டது.

"பசையே வேண்டாம், ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் எல்லாவற்றையும் இறுக்கிப் பார்" என்று ஒரு தரப்பு உண்டு. மதிக்கத்தக்க தரப்பு. ஆனால் கழலாத கிரப் ஸ்க்ரூவை ஒவ்வொரு முறையும் இறுக்கிப் பார்ப்பதே அதன் குழியைத் தேய்க்கும். நகப்பூச்சு இடுபவர்களும் உண்டு. மிகச் சிறிய M2 திருகாணிகளுக்கு அது மோசமான யோசனை அன்று, காய்ந்தால் எளிதில் உடைகிறது. சூப்பர் க்ளூ இடுபவர்களோடு மட்டும் எனக்கு உடன்பாடில்லை. அது நொறுங்கும் தன்மையுடையது, அதிர்வுக்கு ஏற்றதன்று. எவ்வளவு பிடிக்கும் என்பதும் ஒவ்வொரு முறையும் வேறாக இருக்கிறது. சிவப்புக்கு ஆதரவாக நான் கேட்டவற்றுள் ஒரே நல்ல வாதம், இனி எப்போதும் கழற்றப்போவதில்லை என்று உறுதியான எஃகு ஸ்டட்டுக்கு அதை இடலாம் என்பது. சரி. என் காரில் அப்படிப்பட்ட ஸ்டட் இல்லை. பெரும்பாலும் உங்கள் காரிலும் இருக்காது.

பழைய கார் வாங்கியவர்கள் உள்ளே என்ன பசை இருக்கிறது என்று அறியாமல் முறுக்கத் தொடங்காதீர்கள். முதலில் குழிக்குள் படிந்த மண்ணை ஊசியால் சுத்தம் செய்யுங்கள்; கீ அடிவரை இறங்காததே பாதி மழுங்கலுக்குக் காரணம். பந்து முனைக் கீ வேண்டாம், நேர் முனைதான் வேண்டும். முனை தேய்ந்திருந்தால் சற்றே அரைத்துப் புது முனை எடுங்கள். சோல்டரிங் அயர்னின் நுனியைக் கிரப் ஸ்க்ரூவின் குழியிலேயே வைத்து அரை நிமிடம் பிடியுங்கள். சூடு திருகாணிக்குப் போகும். காந்தத்துக்கு அவ்வளவாகப் போகாது. உடனே கீயைச் செருகி, உதறாமல், மெதுவாகத் திருப்புங்கள். நீலமாக இருந்தால் பெரும்பாலும் அந்த முதல் முயற்சியிலேயே "டக்" என்ற ஒலி கேட்கும். கேட்காவிட்டால் அழுத்தத்தைக் கூட்டாதீர்கள். ஆறவிட்டு மீண்டும் சூடாக்குங்கள். மூன்றாவது முறையும் அசையவில்லையென்றால் உள்ளே இருப்பது சிவப்பு என்று எடுத்துக்கொண்டு, பினியனை இழக்கத் துணிந்து, மோட்டாரைக் காரிலிருந்து கழற்றி, அதன் காற்றுத் துளைகளையெல்லாம் டேப் ஒட்டி மூடிவிட்டுப் பிறகே அரவை இயந்திரத்தைத் தொடுங்கள்.